அமெரிக்காவில் அமைச்சர் ஏன் எம்.பி.யாக இருக்கக் கூடாது?

2025 ஜனவரி 20. நண்பகலில் டொனால்ட் டிரம்ப் அதிபராகப் பதவியேற்றார். அன்று மாலையே செனட் சபையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வெளியுறவுத் துறைக்கு டிரம்ப் முன்மொழிந்திருந்த மார்கோ ரூபியோவை ஏற்பதா, வேண்டாமா என்பது கேள்வி. ஆதரவு 99, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அந்த 99-இல் ஒரு வாக்கு ரூபியோவே போட்டது. அந்த நேரத்தில் அவர் புளோரிடா மாநிலத்தின் செனட்டர். மற்றவர்களைப் போல அவருக்கும் வாக்குரிமை இருந்தது, போட்டார். முடிவு வந்ததும், 14 ஆண்டுகளாக வகித்துவந்த செனட் பதவியை ராஜினாமா செய்தார். மறுநாள் காலையில் வெளியுறவு அமைச்சராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

செய்தியைப் படித்த பலரும் 99-ஐத்தான் கவனித்தார்கள். எனக்கு அந்த ராஜினாமாதான் முக்கியமாகப் பட்டது. அமெரிக்க அரசு எப்படி இயங்குகிறது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்த ஒரு ராஜினாமாவைப் பிடித்துக்கொண்டாலே பாதிக் கதை விளங்கிவிடும். அங்கே ஒருவர் சட்டம் இயற்றும் சபையிலும் அமைச்சரவையிலும் ஒரே சமயத்தில் உட்கார முடியாது. ஏதாவது ஒரு நாற்காலிதான்.

நமக்குப் பழகிய ஏற்பாடு இதற்கு நேர் எதிரானது. இந்தியாவில் ஒருவர் அமைச்சராக வேண்டுமென்றால் சபை உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் ஆகிவிட வேண்டும். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கச் செய்திகளைப் படிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

சொற்களும் தங்கள் பங்குக்குக் குழப்புகின்றன. 'காங்கிரஸ்' என்றால் அங்கே கட்சி கிடையாது. நாடாளுமன்றத்துக்குத்தான் அந்தப் பெயர். அதில் இரண்டு சபைகள்: பிரதிநிதிகள் சபை, செனட் சபை. அப்புறம், அமைச்சர் என்று நாம் சொல்கிறவரை அவர்கள் 'செக்ரட்டரி' என்கிறார்கள். அதைத் தமிழ்ச் செய்திகள் சில நேரம் 'வெளியுறவுச் செயலாளர்' என்று அப்படியே மாற்றிவிடும். என் மாமா ஒருமுறை, "இவ்வளவு பெரிய பேச்சுவார்த்தைக்குப் போய் ஐ.ஏ.எஸ். அதிகாரியை அனுப்பியிருக்கிறார்களே" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நம்மூரில் செயலாளர் என்றால் அதிகாரிதானே. இந்தக் கட்டுரையில் 'அமைச்சர்' என்றே எழுதுகிறேன். ஆனால் நம் அமைச்சர்களிடமிருந்து அவர்கள் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதுதான் முழு விஷயமும்.

பயத்தில் பிறந்த விதி

1787-இல் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சாசனம் எழுதியவர்களுக்கு இங்கிலாந்தின் அனுபவம் கண் முன்னால் இருந்தது. பிரிட்டிஷ் மன்னர் தனக்கு வேண்டிய சட்டங்களை நிறைவேற்றிக்கொள்ள, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளமுள்ள அரசுப் பதவிகளைக் கொடுத்து வளைத்துப் போடுவார். பதவி வாங்கியவர் மன்னரை எதிர்த்து எப்படி வாக்களிப்பார்? மக்கள் தேர்ந்தெடுத்தவர் மன்னரின் ஆளாகிவிடுவார். அந்த நோய் நம் நாட்டுக்கு வரக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள்.

அதனால் சாசனத்தின் முதல் பிரிவு, ஆறாம் உட்பிரிவில் இரண்டு தடைகள் வைத்தார்கள். ஒன்று: அமெரிக்க அரசின் கீழ் பதவி வகிக்கும் யாரும், அந்தப் பதவியில் இருக்கும்வரை, இரு சபைகளிலும் உறுப்பினராக இருக்க முடியாது. ரூபியோ ராஜினாமா செய்தது இதனால்தான். இரண்டாவது தடை இன்னும் நுட்பமானது. ஓர் உறுப்பினர் எந்தக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாரோ அந்தக் காலத்துக்குள் ஒரு பதவி புதிதாக உருவாக்கப்பட்டாலோ, அதன் சம்பளம் உயர்த்தப்பட்டாலோ, அதே காலத்தில் அவர் அந்தப் பதவிக்குப் போக முடியாது. நீயே சம்பளத்தை உயர்த்திவிட்டு நீயே போய் உட்காராதே என்பதுதான் இதன் பொருள்.

இந்த இரண்டாவது தடையில் 1973-இல் சிக்கியவர் ஒஹையோ மாநில செனட்டர் வில்லியம் சாக்ஸ்பி. அதிபர் நிக்சன் அவரை அட்டர்னி ஜெனரலாக, அதாவது நீதித் துறையின் தலைவராக, நியமிக்க விரும்பினார். ஆனால் 1969-இல், சாக்ஸ்பி செனட்டில் இருந்தபோதே, அமைச்சர்களின் சம்பளம் 35,000 டாலரிலிருந்து 60,000 டாலராக உயர்த்தப்பட்டிருந்தது. என்ன செய்வது? அந்தப் பதவிக்கு மட்டும் சம்பளத்தைப் பழையபடி 35,000 டாலருக்கே இறக்கி ஒரு சட்டம் போட்டார்கள். சம்பள உயர்வால் இவருக்கு லாபம் இல்லை, ஆகவே தடையும் இல்லை என்பது வாதம். இந்த உபாயத்துக்கு இன்றும் 'சாக்ஸ்பி வழி' என்றே பெயர். உண்மையில் 1909-லேயே, பிலாண்டர் நாக்ஸ் என்ற செனட்டர் வெளியுறவு அமைச்சரானபோது இதையே செய்திருக்கிறார்கள். பெயர் மட்டும் பின்னால் வந்தவருக்குப் போய்விட்டது. 2009-இல் ஹிலாரி கிளின்டன் செனட்டிலிருந்து வெளியுறவுத் துறைக்குப் போனபோதும் அந்தப் பதவியின் சம்பளத்தை 1,86,600 டாலருக்கு இறக்கினார்கள். அவருடைய செனட் பதவிக்காலம் தொடங்கிய 2007 ஜனவரியில் இருந்த தொகை அது.

இது உண்மையில் விதிக்குக் கட்டுப்படுவதா, விதியைச் சுற்றிக்கொண்டு போவதா என்று சட்ட அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சாசனத்தின் சொற்களை அப்படியே படித்தால், 'உயர்த்தப்பட்டிருந்தால்' என்றுதான் இருக்கிறது. அப்புறம் இறக்கினால் சரியாகிவிடும் என்று எங்கும் இல்லை. என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

முதல் தடைக்கும் ஒரு விலை உண்டு. செனட்டர் ஒருவர் விலகினால் பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர் ஒருவரைத் தற்காலிகமாக நியமித்துவிடலாம். ரூபியோவின் இடத்துக்கு புளோரிடா ஆளுநர் ஆஷ்லி மூடியை நியமித்தார். பிரதிநிதிகள் சபையில் அப்படி முடியாது. இடைத்தேர்தல் நடத்தித்தான் ஆக வேண்டும். அதுவரை இடம் காலி. 2024 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு அங்கே 220 இடங்கள், ஜனநாயகக் கட்சிக்கு 215. இவ்வளவு மெல்லிய பெரும்பான்மை இருக்கும்போது ஒவ்வோர் ஆளும் போவது வலிக்கும். நியூயார்க் உறுப்பினர் எலீஸ் ஸ்டெஃபானிக்கை ஐ.நா. தூதராக்கப் போவதாக டிரம்ப் அறிவித்திருந்தார். 2025 மார்ச்சில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருடைய வாக்கு சபையில் தேவைப்பட்டது, காரணம் அவ்வளவுதான்.

சபைக்குள் இருப்பவர்கள்

பிரதிநிதிகள் சபையில் வாக்களிக்கும் உறுப்பினர்கள் 435 பேர். பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு இடங்கள் பிரிக்கப்படும். செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர் வீதம் 100 பேர். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செனட்டில் மூன்றில் ஒரு பங்கினர் தேர்தலைச் சந்திப்பார்கள். பிரதிநிதிக்கு வயது 25, ஏழு ஆண்டுக் குடியுரிமை. செனட்டருக்கு வயது 30, ஒன்பது ஆண்டுக் குடியுரிமை. இருவருமே தேர்ந்தெடுக்கப்படும்போது அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பிறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து 2017 முதல் பிரதிநிதிகள் சபையில் இருப்பது இதனால்தான். அதிபர், துணை அதிபர் பதவிகளுக்கு மட்டும்தான் பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அது பின்னால் இன்னோரிடத்தில் திரும்பி வரும்.

சட்டம் கொண்டுவரும் உரிமை இவர்களுக்கு மட்டுமே உண்டு. பிரதிநிதிகள் சபையின் மேடையோரத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. மசோதா கொண்டுவர விரும்பும் உறுப்பினர் காகிதத்தில் கையெழுத்திட்டு அந்தப் பெட்டிக்குள் போட்டால் போதும், மசோதா அறிமுகமாகிவிட்டது. அந்தப் பெட்டியில் காகிதம் போடும் உரிமை எந்த அமைச்சருக்கும் கிடையாது, அதிபருக்கும் கிடையாது. நிதியமைச்சர் சபையில் எழுந்து பட்ஜெட் வாசிக்கும் காட்சி அங்கே இல்லவே இல்லை. அமைச்சகத்திலேயே மசோதாவை எழுதியிருந்தாலும், அதைக் கொண்டுபோய்ப் போட ஓர் உறுப்பினரைத்தான் பிடிக்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு பேச்சுரிமை. சபையில் பேசியதற்காக அவர்களை வேறு எந்த இடத்திலும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது சாசனம். இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 1971 ஜூன் 29 இரவு பார்த்தார்கள். வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை வெளியிட நாளிதழ்களுக்கு நீதிமன்றத் தடை இருந்த நேரம். அலாஸ்கா செனட்டர் மைக் கிராவெல் கையில் அவற்றின் ஒரு பிரதி இருந்தது. அவர் பொதுக் கட்டடங்களுக்கான ஒரு துணைக்குழுவின் தலைவர். போருக்கும் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அந்தக் குழுவை இரவோடு இரவாகக் கூட்டி, ஆவணங்களைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். வாசிக்க வாசிக்க அழுகை வந்துவிட்டது. முடியாமல் போனதும், மிச்சத்தைக் குழுவின் பதிவேட்டில் சேர்த்துவிட்டார். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், குழுவில் வாசித்ததற்காக அவரை யாரும் விசாரிக்க முடியாது என்றது. அதே ஆவணங்களைத் தனியார் பதிப்பகம் மூலம் நூலாக வெளியிட ஏற்பாடு செய்ததற்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று கோடு கிழித்தது. ஓர் அமைச்சர் இதையே செய்திருந்தால் அவருக்கு இப்படி ஒரு கவசம் இருந்திருக்காது.

தவறு செய்த உறுப்பினரை அதிபர் நீக்க முடியாது. அந்தந்த சபைதான் நீக்கலாம், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்தவரை வெளியே தள்ளுவது சின்ன விஷயம் இல்லை என்பதால் இது மிக அரிதாகவே நடக்கும். 2023 டிசம்பர் 1-இல் ஜார்ஜ் சாண்டோஸ் 311-114 என்ற கணக்கில் நீக்கப்பட்டார். பிரதிநிதிகள் சபையின் வரலாற்றிலேயே அப்படி நீக்கப்பட்ட ஆறாவது ஆள் அவர். உள்ளே வராமலே தடுக்கலாமே என்றால், அதுவும் முடியாது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து வென்ற ஆடம் கிளேட்டன் பாவெலை 1967-இல் சபை உள்ளே விட மறுத்தது. வயது, குடியுரிமை, வசிப்பிடம் மூன்றும் சரியாக இருந்தால் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சம்பளம் ஆண்டுக்கு 1,74,000 டாலர். 2009-இலிருந்து அப்படியே நிற்கிறது. இவர்களே தங்கள் சம்பளத்தை உயர்த்திக்கொள்ளலாம் என்றாலும், அடுத்த தேர்தல் முடிந்த பிறகுதான் உயர்வு அமலுக்கு வரும். இந்த விதி சாசனத்தில் ஏறிய கதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. 1789-இல் ஜேம்ஸ் மேடிசன் முன்மொழிந்தார். போதிய மாநிலங்கள் ஏற்காததால் தூங்கிப் போனது. 1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரிகரி வாட்சன், இதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை, இப்போதும் நிறைவேற்றலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்தது 'சி' கிரேடு. விடவில்லை அவர். மாநிலச் சட்டசபைகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1992-இல், 200 ஆண்டுகளுக்கு மேல் கிடந்த அந்த வரி, சாசனத்தின் 27-ஆவது திருத்தமாக உயிர் பெற்றது. 2017-இல் பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பெண்ணையும் 'ஏ' என்று திருத்திக் கொடுத்தது.

பரிசுகள் விஷயத்தில் விதிகள் மிகப் பொடியானவை. பொதுவாக 50 டாலருக்குக் குறைவான பரிசு வாங்கலாம். ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 100 டாலரைத் தொடக் கூடாது. பரப்புரையாளர்களிடமிருந்து, அதாவது நிறுவனங்களுக்காக அரசிடம் பேசிக் காரியம் சாதிப்பவர்களிடமிருந்து, அதுவும் கூடாது. ஆனால் ஒரு வரவேற்பில் நின்றபடி கொறிக்கும் சிற்றுண்டி சாப்பிடலாம். உட்கார்ந்து சாப்பாடு கூடாது. அதனால் வாஷிங்டனில் இதை 'பல்குச்சி விதி' என்றே அழைக்கிறார்கள்: பல்குச்சியில் குத்தி எடுத்துச் சாப்பிடலாம், முட்கரண்டியை எடுத்தால் சிக்கல்.

அமைச்சரவை

அமைச்சரவை என்ற அமைப்பை அமெரிக்க அரசியல் சாசனம் உருவாக்கவே இல்லை. ஒவ்வொரு துறையின் தலைமை அதிகாரியிடமிருந்தும் அதிபர் எழுத்து மூலம் கருத்துக் கேட்கலாம் என்பது மட்டும்தான் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் நான்கு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார்: ஜெஃபர்சன், ஹாமில்டன், ஹென்றி நாக்ஸ், ராண்டால்ஃப். அந்தப் பழக்கமே அமைச்சரவையாக வளர்ந்தது. இன்று துறைகள் 15.

வெள்ளை மாளிகையின் அமைச்சரவை அறையில் நீள்வட்ட மேஜை. அதிபர் மேஜையின் நடுவில், எதிரே துணை அதிபர். அதிபரின் வலப்பக்கம் வெளியுறவு, இடப்பக்கம் பாதுகாப்பு. எந்தத் துறை எப்போது தொடங்கப்பட்டதோ அந்த வரிசைப்படிதான் இருக்கைகள். ஒவ்வொரு தோல் நாற்காலியின் முதுகிலும் ஒரு பித்தளைத் தகடு, அதில் பதவியின் பெயர். பதவி முடிந்து போகும்போது அந்த நாற்காலியை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போவது ஒரு வழக்கம்; பெரும்பாலும் கூட வேலை பார்த்தவர்கள் பணம் சேர்த்து வாங்கித் தருவார்கள்.

அந்த மேஜையில் வாக்கெடுப்பு நடந்து முடிவு எடுப்பது கிடையாது. பதினைந்து பேரும் வேண்டாம் என்றாலும் அதிபர் வேண்டும் என்றால் நடக்கும். கூட்டுப் பொறுப்பு என்ற கருத்தே அங்கே இல்லை. அமைச்சர் அதிபரின் ஆள். அதிபர் நினைத்தால் ஒரே வரியில் அனுப்பிவிடலாம்.

இந்த அதிகாரம் சண்டை போட்டு நிலைநாட்டப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனும் காங்கிரஸும் எலியும் பூனையுமாக இருந்தார்கள். செனட்டின் ஒப்புதலோடு பதவிக்கு வந்தவர்களை அதன் அனுமதி இல்லாமல் அதிபர் நீக்கக் கூடாது என்று 1867-இல் காங்கிரஸ் சட்டம் போட்டது. ஜான்சன் அதை மீறிப் போர்த்துறை அமைச்சர் எட்வின் ஸ்டான்டனை நீக்கினார். ஸ்டான்டன் போகவில்லை. அலுவலகத்துக்குள்ளேயே அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார். அதிபர் மீது பதவிநீக்க விசாரணை நடந்தது. 1868 மே மாதம் செனட்டில் 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். நீக்க 36 வேண்டும். ஒரே ஒரு வாக்கில் தப்பினார் ஜான்சன். அதன் பிறகுதான் ஸ்டான்டன் கதவைத் திறந்தார். 1926-இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட சட்டமே செல்லாது என்று சொல்லிவிட்டது.

வெளியே அனுப்ப அதிபர் போதும். உள்ளே வர செனட்டின் ஒப்புதலும் வேண்டும். அதிபர் பெயரைச் சொல்வார். சம்பந்தப்பட்ட செனட் குழு அவரைக் கூப்பிட்டுப் பல மணி நேரம் கேள்வி கேட்கும். சொத்து விவரங்கள், வரி, பழைய பேச்சுகள் எல்லாம் வெளியே வரும். பிறகு முழு செனட்டும் வாக்களிக்கும். இன்று பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். சமநிலை வந்தால் துணை அதிபர் வாக்களிப்பார். 2017-இல் கல்வித் துறைக்கு பெட்ஸி டெவோஸ் 50-50 என்று நின்றபோது மைக் பென்ஸின் வாக்கு காப்பாற்றியது. அமைச்சர் நியமனத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நடந்திருக்க வேண்டியது, ஒரு தூக்கத்தால் நடக்காமல் போனது. 1925 மார்ச். அதிபர் கூலிட்ஜ், சார்லஸ் வாரன் என்பவரை அட்டர்னி ஜெனரலாக முன்மொழிந்திருந்தார். துணை அதிபர் சார்லஸ் டாவ்ஸ் பதவிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்னும் நிறையப் பேர் பேச இருக்கிறார்கள், இன்று வாக்கெடுப்பு வராது என்று அவரிடம் சொன்னார்கள். அவர் நம்பி, வில்லர்ட் ஹோட்டலில் தன் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். பேச வேண்டியவர்கள் பலர் பேசாமல் விட்டுக்கொடுக்க, திடீரென்று வாக்கெடுப்பு வந்தது. 40-40. ஹோட்டலுக்குத் தொலைபேசி பறந்தது. அவர் டாக்ஸி பிடித்து ஓடி வருவதற்குள், ஆதரித்திருந்த ஒருவர் மனம் மாறி வாக்கை மாற்றிவிட்டார். வாரன் தோற்றார். கூலிட்ஜ் அதே பெயரை மறுபடி அனுப்பினார். 39-46 என்று அதுவும் தோற்றது.

செனட் முழு வாக்கெடுப்பில் கடைசியாக நிராகரித்த அமைச்சர் நியமனம் 1989-இல், பாதுகாப்புத் துறைக்கு முன்மொழியப்பட்ட ஜான் டவர். அவர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு செனட்டிலேயே இருந்தவர். கூட உட்கார்ந்திருந்தவர்களே 53-47 என்று வேண்டாம் என்றார்கள். இப்போதெல்லாம் தோற்பார் என்று தெரிந்தால் வாக்கெடுப்புக்கு முன்பே பெயர் திரும்பப் பெறப்பட்டுவிடும்.

பணம் தொடர்பான விதிகளில் அமைச்சர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இதுதான் என்னை உறுத்துகிறது. ஓர் அமைச்சர் தன் சொந்தப் பணத்தைப் பாதிக்கக்கூடிய அரசு விஷயத்தில் தலையிட்டால் அது கிரிமினல் குற்றம். அதனால் பலரும் பதவிக்கு வரும்போதே பங்குகளை விற்றுவிடுகிறார்கள். அப்படி விற்பதால் வரும் லாபத்துக்கு உடனே வரி கட்ட வேண்டாம் என்று சட்டமே சலுகை தருகிறது. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு அந்தக் குற்றப் பிரிவு பொருந்தாது. மருந்துக் கம்பெனிப் பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டே மருந்து விலைச் சட்டத்துக்கு வாக்களிக்கலாம். 2012-இல் வந்த சட்டம், பதவியால் தெரிந்த ரகசியத் தகவலை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. பங்கு வாங்கினாலோ விற்றாலோ 45 நாட்களுக்குள் வெளியே சொல்ல வேண்டும் என்கிறது. தாமதித்தால் வழக்கமான அபராதம் 200 டாலர். கோடிகளில் புரள்கிற ஒருவருக்கு 200 டாலர் என்ன பெரிய தண்டனை? மக்கள் வாக்களித்து அனுப்பியவரிடம்தான் கூடுதல் கண்டிப்பு இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். உறுப்பினர்கள் தனிப் பங்குகளில் வியாபாரம் செய்வதையே தடுக்க வேண்டும் என்ற மசோதாக்கள் இரு கட்சியினரிடமிருந்தும் வந்திருக்கின்றன.

சுவருக்கு மேல் பேசிக்கொள்வது

சரி, அமைச்சர் சபையில் உட்காரவே மாட்டார் என்றால் அவரைக் கேள்வி கேட்பது யார்? காங்கிரஸின் குழுக்கள். நம் கேள்வி நேரம் போல அமைச்சர் தன் கட்சிக்காரர்கள் நடுவே எழுந்து பதில் சொல்வதில்லை. ஒரு மேஜைக்குப் பின்னால் ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருப்பார். எதிரே உயரமான மேடையில், அரைவட்டமாக உறுப்பினர்கள். பல விசாரணைகளில் வலக்கையைத் தூக்கி உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சத்தியம் செய்தாலும் செய்யாவிட்டாலும், தெரிந்தே பொய் சொன்னால் குற்றம்.

பிரதிநிதிகள் சபையின் குழுக்களில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் பொதுவாக ஐந்து நிமிடம். பதிலும் அந்த ஐந்துக்குள்தான். ஆகவே பதில் சொல்ல விரும்பாத அமைச்சர் செய்வது ஒன்றே: நன்றி, பாராட்டு என்று நீட்டி நேரத்தைக் கரைப்பது. 2017 ஜூலையில் நிதியமைச்சர் ஸ்டீவன் மனூச்சினிடம் மேக்சின் வாட்டர்ஸ், தான் அனுப்பிய கடிதத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்று கேட்டார். அவர் வாட்டர்ஸின் சேவைக்கு நன்றி சொல்லி ஆரம்பித்தார். வாட்டர்ஸ் இடைமறித்தார்: "என் நேரத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்." அவர் மறுபடி ஆரம்பிக்க, இவர் மறுபடி அதையே சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வாசகம் நாடு முழுவதும் பரவியது. புதிதாகக் கேட்டவர்களுக்கு அது கோபமாகத் தெரிந்திருக்கும். அது விதிப்புத்தகத்தில் இருக்கும் உரிமை. நேரம் உறுப்பினருடையது, அமைச்சருக்கு அதில் பங்கு கடனாகத்தான் கிடைக்கிறது.

கேட்ட ஆவணத்தைத் தராவிட்டால் சபை அமைச்சரை அவமதிப்புக் குற்றத்துக்கு உள்ளாக்கலாம். 2012-இல் எரிக் ஹோல்டர் அப்படி ஆளானார், பதவியில் இருக்கும்போது அப்படி ஆன முதல் அமைச்சர் அவர்தான். ஆனால் வழக்குத் தொடர வேண்டியது நீதித் துறை. அதன் தலைவரே ஹோல்டர். சுவரின் இரண்டு பக்கமும் எவ்வளவு கனம் என்பது இந்த மாதிரி நேரத்தில்தான் தெரியும்.

கடைசி ஆயுதம், பதவிநீக்கக் குற்றச்சாட்டு. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும். 1876-இல் போர்த்துறை அமைச்சர் வில்லியம் பெல்க்னாப், லஞ்சப் புகார் வெடித்ததும் காலையிலேயே அதிபரிடம் ஓடிப்போய் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். சபை விடவில்லை, அன்றே குற்றம் சாட்டியது. செனட்டில் பாதிக்கு மேல் குற்றவாளி என்றார்கள், மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. அடுத்த அமைச்சருக்கு இது நடக்க 2024 வரை ஆனது. உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் அலெஹாண்ட்ரோ மயோர்க்காஸ் மீது 214-213 என்ற கணக்கில் குற்றம் சாட்டப்பட்டது. இரண்டு மாதத்தில் செனட் அதைத் தள்ளுபடி செய்தது.

இந்தச் சுவரில் ஒரே ஒரு கதவு உண்டு: துணை அதிபர். அவர் அமைச்சரவை மேஜையிலும் உட்காருகிறார், செனட்டுக்கும் தலைவர். பேசுவதற்கோ சாதாரணமாக வாக்களிப்பதற்கோ உரிமை கிடையாது. சமநிலை வந்தால் மட்டும் ஒரு வாக்கு. துளசேந்திரபுரம் வேர் கொண்ட கமலா ஹாரிஸ் நான்கு ஆண்டுகளில் 33 முறை அப்படி வாக்களித்தார். அதுவரை சாதனை 19-ஆம் நூற்றாண்டின் ஜான் கால்ஹூன் வசம் இருந்தது: 31.

அதிபரும் துணை அதிபரும் ஒரே சமயத்தில் இல்லாமல் போனால்? 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடுத்து வருபவர் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். அவருக்குப் பிறகு செனட்டின் தற்காலிகத் தலைவர். அவர்களுக்கும் பிறகுதான் வெளியுறவு அமைச்சரில் தொடங்கி அமைச்சர்கள், துறை தொடங்கப்பட்ட வரிசையில். முன்னால் சொன்ன பிறப்பு நிபந்தனை இங்கே வருகிறது: ஜெர்மனியில் பிறந்த ஹென்றி கிஸ்ஸிஞ்சரும் பிராகில் பிறந்த மேடலின் ஆல்பிரைட்டும் வெளியுறவு அமைச்சர்களாக இருந்தும் இந்த வரிசையில் நிற்க முடியவில்லை. அதிபர் காங்கிரஸில் ஆண்டு உரை நிகழ்த்தும் இரவில், கட்டடத்துக்கே ஏதாவது ஆனால் யாராவது மிஞ்ச வேண்டும் என்று ஓர் அமைச்சரை மட்டும் வேறிடத்தில் பத்திரமாக வைப்பதும் இந்த வரிசைக்காகத்தான்.

இதிலும் அந்தப் பழைய விதி அப்படியே நிற்கிறது. சபாநாயகர் அதிபராகப் பொறுப்பேற்க வேண்டுமென்றால், முதலில் சபாநாயகர் பதவியையும் உறுப்பினர் பதவியையும் ராஜினாமா செய்ய வேண்டும். அமைச்சர் ஒருவருக்கு முறை வந்தால், அதிபர் பொறுப்புக்கான பிரமாணத்தை வாசித்த அந்த நொடியே அவருடைய அமைச்சர் பதவி ராஜினாமா ஆனதாகக் கொள்ளப்படும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தனியாகக் கடிதம் எழுதித் தர வேண்டியதில்லை.